சைபர் வந்தால்?

மேடத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் இல்லை, அவருடைய கேள்வி. "சரி, சைபர் வந்தா?" என்பார். கேட்டுவிட்டுப் பென்சிலைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு, பதில் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்டு நொந்து போகாத ஆள் எங்கள் ஆபீசில் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். மடியில் தூக்கி வைத்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை அது. பீரோக்களை அடுக்கி வைத்த மாதிரி அறை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். முன்னால் ஒரு மேஜை, மேஜையில் வரிசையாகச் சின்ன விளக்குகள், ஓரத்தில் பொத்தான்கள். குளிர்ந்த ஊரிலேயே அதற்கென்று தனியாக ஏ.சி. வேறு. விஞ்ஞானிகள் ஃபோர்ட்ரான் என்ற மொழியில் புரோகிராம் எழுதித் தருவார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை போட்டு, அடுக்கி, மெஷினுக்கு ஊட்டுவது என் வேலை. மெஷின் தகராறு செய்தால் பொத்தானை அழுத்தி நிறுத்துவதும் என் வேலைதான். அல்சூரில் எங்கள் தெருவில் அம்மா, "எம் பொண்ணு ஓட்டை போடற வேலை பாக்குறா" என்று எல்லாரிடமும் சொல்லி மானத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

மேடத்தின் வேலை, அட்டைக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு புரோகிராமையும் படித்துப் பார்ப்பது. கணக்கில் எம்.ஏ. படித்தவர். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம், வேலூரில் கொஞ்ச நாள் காலேஜில் பாடம் நடத்தியிருக்கிறார். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் சின்னதாகக் கறுப்புச் சாந்து, கழுத்துச் சங்கிலி எப்போதும் ரவிக்கைக்குள். கல்யாணமானவரா ஆகாதவரா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்த நாங்கள் அதனாலேயே அவரிடம் கொஞ்சம் எரிச்சல்பட்டோம்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மெஷின் எழுதியதை எழுதிய வரிசையில் செய்துகொண்டே போகும். வரிசை மாற வேண்டும் என்றால் எங்கே போக வேண்டும் என்று நாம்தான் எழுத வேண்டும். அதற்கு அன்றைக்கு இருந்த முக்கியமான வரி 'இஃப்'. ஒரு கணக்கைப் போட்டுப் பார். மைனஸ் வந்தால் இந்த நம்பர் போட்ட வரிக்குப் போ, சைபர், அதாவது பூஜ்யம், வந்தால் அந்த வரிக்குப் போ, பிளஸ் வந்தால் இன்னொரு வரிக்குப் போ. இப்படி மூன்று நம்பர் கட்டாயம் எழுதியாக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மைனஸும் பிளஸும்தான் கவலை. சைபருக்கு, பக்கத்திலிருக்கிற நம்பரையே இன்னொரு தடவை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

மேடம் அதை விடமாட்டார். புரோகிராமைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, "மைனசுக்கு எழுதியிருக்கீங்க, பிளசுக்கு எழுதியிருக்கீங்க. சைபர் வந்தா?" என்பார்.

"சைபரே வராது மேடம்."

"வராதுன்னு மெஷினுக்குத் தெரியாதே."

"வந்தா பிளஸ்ஸோட சேந்து போகட்டும். பர்வாயில்லா."

"அது ஏன் பிளஸ்ஸோட போகணும்? அது பிளஸ் இல்லையே."

இப்படியே போகும். கடைசியில் அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு சைபருக்கென்று தனியாக மூன்றாவது ஒரு நம்பரும் வரியும் எழுதித் தருவார். நான் அதற்கும் ஓர் அட்டையில் துளை போடுவேன். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அங்கே இருந்தவரைக்கும் ஒரு புரோகிராமில்கூடச் சைபர் வந்து நான் பார்த்ததில்லை. மேடம் போட வைத்த அட்டைகளெல்லாம் கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி அடுக்கில் ஓரமாக இருந்தன. இதை அவரிடமே ஒரு நாள் சொன்னேன். "இருக்கட்டும்மா, வந்தா அதுக்குன்னு ஒரு இடம் இருக்கணும்" என்றார்.

ஆபீஸ் வாசலோடு கேள்வி நின்றிருந்தால் தேவலை. மேடத்தையும் சேர்த்து நாங்கள் நாலு பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போவதாகத் திட்டம் போட்டோம்.

"ஹவுஸ்ஃபுல்லா இருந்தா?" என்றார் மேடம்.

"வேற தியேட்டருக்குப் போவோம்" என்றேன் நான்.

"அதுவும் ஹவுஸ்ஃபுல்லா இருந்தா?"

"சிவாஜிநகர்ல சமோசா தின்னுட்டு வீட்டுக்குப் போவோம்."

"நாலு பேருல ரெண்டு பேருக்கு மட்டும் டிக்கெட் கிடைச்சா?"

யார் உள்ளே போவது, யார் திரும்புவது என்று ஆரம்பித்த பேச்சு, போன மாசம் யார் யாரை விட்டுவிட்டு எங்கே போனார்கள் என்பதில் போய் நின்றது. மேடம் மட்டும், "நான் திரும்பிப் போயிடறேன், எனக்குப் பழக்கம்தான்" என்றார். கடைசியில் யாருமே சினிமாவுக்குப் போகவில்லை.

பிரேசர் டவுனில் கோல்ஸ் பார்க் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார். ஓர் அறை, ஒரு சமையலறை. அங்கே குடிபோன புதிதில் என்னிடம் ஒரு மாற்றுச் சாவி கொடுத்து வைத்தார்.

"எதுக்கு மேடம்?"

"நான் சாவியத் தொலச்சுட்டா?"

"பூட்டை உடைக்கலாம். தெருவுக்குத் தெரு ஆள் இருக்கான்."

"நான் உள்ள இருந்துக்கிட்டே கதவைத் திறக்காட்டி?"

நான் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அந்தப் பூட்டு இப்போது எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டேயிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பிடித்திருக்கிறது என்றும் வராது, பிடிக்கவில்லை என்றும் வராது. அம்மா வாசலில் தபால்காரர் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு மாசத்தை ஓட்டுவாள். இதை நான் மேடத்திடம் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வேண்டாம்னு சொல்லிட்டா அழுதுட்டு எழுந்துடலாம். ஒண்ணுமே சொல்லாட்டித்தான் கஷ்டம்" என்றார்.

அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு வீட்டுக்காரர் உண்டு என்று தெரிந்தது. கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷத்தில் வேலை தேடிப் பம்பாய்க்குப் போனவர். முதலில் கடிதம் வந்தது, பிறகு மணியார்டர் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. தேடிப் போனவர்கள் சும்மா திரும்பி வந்தார்கள். இறந்துவிட்டார் என்றும் தகவல் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. ஊரில் எல்லாரும் கேட்டுக் கேட்டுக் குடைந்ததால் மேடம் பெங்களூருக்கு வந்துவிட்டார்.

ஆவணியில் எங்கள் வீட்டில் வரலட்சுமி நோன்பு பெரிதாகச் செய்வோம். தெரிந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுக்க வேண்டும். பெங்களூரில் இது இன்னும் தடபுடல். கன்னடக்காரர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கும், எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குமாகச் சாயங்காலம் முழுக்கத் தட்டுகள் நடக்கும். நான் மேடத்தையும் கூப்பிட்டிருக்கிறேன் என்று சொன்னதும் அம்மா என்னை மடக்கினாள்.

"அவங்களுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?"

"பம்பாய் போனவர் வரலம்மா."

"வரலன்னா? செத்துட்டாரா?"

"தெரியாது."

"இன்னாடி தெரியாது? தெரியாதுன்னா நான் தட்டுல என்னத்த வைக்கிறது?"

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். இருப்பவளுக்குக் குங்குமம் கொடுக்காவிட்டால் அவமானம், இல்லாதவளுக்குக் கொடுத்தால் அதைவிட அவமானம். அம்மா வெகு நேரம் யோசித்துவிட்டு, ஒரு பெரிய தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் என்று ஒவ்வொன்றையும் ஒட்டாமல் தனித்தனியாக வைத்தாள். மேடம் வந்ததும் கையால் எதையும் எடுத்துக் கொடுக்காமல் தாம்பாளத்தை அப்படியே நீட்டி, "உங்களுக்கு எது சௌகரியமோ எடுத்துக்குங்க" என்றாள்.

மேடம் தாம்பாளத்தைப் பார்த்தார். பழத்தையும் வெற்றிலை பாக்கையும் எடுத்துக்கொண்டார். பூவின்மேல் விரல் ஒரு நிமிஷம் நின்று, பிறகு திரும்பிவிட்டது. நான் பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விடப் போனபோது, "உங்க அம்மா நல்ல புரோகிராமர்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

எனக்குக் குழப்பம் என்னவென்றால், பூ எடுக்காத அதே மேடம், மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொள்வார். அதை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் அறைக் கண்ணாடிக் கதவின் முன்னால் நிற்பார். சாந்துப் பொட்டை அழித்துவிட்டுப் பெரிதாகக் குங்குமம் இடுவார். கைப்பைக்குள்ளிருந்து வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்து, ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கின மல்லிகையைத் தலையில் வைத்து, சங்கிலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வார். பிறகு கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போவார். குடியாத்தத்திலிருந்து அவர் மாமியார் வருகிற வெள்ளிக்கிழமை அது.

திங்கட்கிழமை மறுபடி கறுப்புச் சாந்து. பூ இருக்காது. ஆனால் ஒரு டின் நிறைய முறுக்கு கொண்டுவருவார். அத்தை சுட்டது என்று சொல்லி எல்லாருக்கும் கொடுப்பார். கையால் சுற்றின முறுக்கு, சுற்றுக்குச் சுற்று பிசகாமல் இருக்கும். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு தின்போம். மேடம் ஒன்றுகூட எடுத்து நான் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பூ வைத்துக்கொண்டு நிற்கும்போது மெஷின் மாட்டிக்கொண்டது. ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. நான் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற புரோகிராமில் விளக்குகள் கன்னாபின்னாவென்று எரிந்து அணையும். இது அப்படி இல்லாமல் அதே வரிசையில் திரும்பத் திரும்ப எரிந்தது. ஏதோ ஓர் இஃப், போன இடத்துக்கே திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் அதற்கு லூப்பில் விழுந்துவிட்டது என்போம்.

"சுத்திக்கிட்டே இருக்கோம்னு அதுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டேன்.

"எப்படித் தெரியும்? அதப் பொறுத்தவரைக்கும் ஒவ்வொரு தடவையும் அடுத்த வேலையைத்தான் செய்யுது. உள்ள இருந்துக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. வெளிய இருக்கிறவங்கதான் பாத்து நிறுத்தணும்."

நான் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் அப்படியே நின்றன. அந்த அமைதியில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"மேடம், அவர் வந்துடுவார்னு நினைக்கிறீங்களா?"

அவர் கண்ணாடியில் பூவைச் சரி செய்துகொண்டே பதில் சொன்னார். "இல்லம்மா. வரமாட்டார். அது எனக்குத் தெரிஞ்சு ரொம்ப வருஷமாச்சு."

"அப்ப இந்தப் பூவெல்லாம்?"

"அத்தைக்கு ஒரே ஆம்பளைப் பிள்ளை. அவன் வருவான்னு மாசா மாசம் முறுக்கு சுட்டுக்கிட்டு வராங்க. தீபாவளிக்கு அவருக்கு வேட்டி எடுத்துட்டு வந்து டிரங்குப் பெட்டில வைக்கிறாங்க. நான் வெறும் தலையோட போய் ஸ்டேஷன்ல நின்னா அவங்க மனசு என்ன பாடுபடும்? மருமகளே கைவிட்டுட்டான்னு ஆயிடாதா?"

நாங்கள் போட்டி போட்டுத் தின்ற முறுக்கு யாருக்காகச் சுட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. இதற்கு மேல் அந்த முறுக்கை எப்படித் தின்பது என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை எப்போதும்போல் தின்றேன். என்ன செய்வது, நன்றாக இருந்தது.

ஐப்பசியில், அம்மா கோடையில் போட்ட வடகத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் என்று ஒரு சனிக்கிழமை காலையில் பிரேசர் டவுனுக்குப் போனேன். மாமியார் வந்திருந்தார். நான் அவரை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்க்கிறேன். பழுப்பேறிய வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக, மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. மேடம் அன்று குங்குமமும் பூவுமாக, ஆபீசில் பார்க்கிற ஆளே இல்லை என்கிற மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும், பம்பாய் போனவருக்குப் பிடிக்கும் என்று எண்ணெய்க் கத்திரிக்காய் செய்துகொண்டிருந்தார்கள். அவருக்கு, அவனுக்கு என்று பேச்சு நடந்தது. அடுத்த தெருவுக்குப் போயிருக்கிற ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கு உட்காரவே முடியவில்லை.

எனக்குக் காபி போடப் பால் போதாது என்று மேடம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பெரியம்மா என்று கூப்பிட்ட அந்த மாமியார், மேடத்தின் காலடிச் சத்தம் கேட்டைத் தாண்டும்வரை கத்திரிக்காயைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீதானே அந்த மிசினு நிறுத்தற பொண்ணு? உன்னப் பத்திச் சொல்லிகினே இருக்கும். உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாத. அவன் இல்லம்மா."

"யாரு பெரியம்மா?"

"எம் பையன்தான். பூட்டான். பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு அவன் வரல பாரு, அன்னிக்கே எனக்கு வவுத்துல தெரிஞ்சிபோச்சி. உசுரோட இருந்தா எங்க இருந்தாலும் அதுக்கு வந்திருப்பான்."

"அப்ப முறுக்கு, வேட்டி எல்லாம்?"

"இன்னா பண்ணச் சொல்ற? நான் மாசா மாசம் வரேன், இது பூவும் பொட்டுமா ஸ்டேசன்ல வந்து நிக்குது. அந்த நெத்தியப் பாத்துகினு, அவன் செத்துட்டாண்டி, அழிச்சிடுன்னு என் வாயால எப்படிச் சொல்வேன்? நான் அழிச்சவ. அது இன்னான்னு எனக்குத் தெரியும். அது நம்பிகினு இருக்கட்டும், எனக்கு இன்னா, நாலு முறுக்கு சுடறது ஒரு வேலையா?"

எனக்கு முதலில் கோபம் வந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு பேருக்கும் தெரியும். இவருக்காக அவர் பூ வைக்கிறார், அவருக்காக இவர் முறுக்கு சுடுகிறார். இவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று அவரும் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று இவருமாக இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் திரும்பி அதே இடம். கண் முன்னால் அதே விளக்குகள் அதே வரிசையில் எரிகிற மாதிரி இருந்தது.

மேடம் பாலோடு உள்ளே வந்தார். வெளியே சொல்லாதே என்று பெரியம்மா சொல்லியிருந்தார்தான். ஆனால் சுற்றிக்கொண்டே இருப்பதை வெளியிலிருந்து நிறுத்துவதுதானே நான் பார்த்துக்கொண்டிருந்த வேலை.

"மேடம், உங்க அத்தைக்கும் தெரியும்" என்றேன்.

"எது?"

"அவர் வரமாட்டார்னு. அவங்களுக்கும் ரொம்ப வருஷமாத் தெரியும். பெரியம்மா, மேடத்துக்கும் தெரியும். உங்களுக்காகத்தான் பூ வைக்கிறாங்க."

அடுப்பில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. மேடம் பால் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தார்.

"எப்பலேருந்து அத்தை?"

"நம்ம சின்னது கல்யாணத்துலேருந்து."

"எனக்கு அதுக்கு முன்னாடியே."

"அடிப்பாவி" என்றார் பெரியம்மா. "ஏன்டி சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கத்திரிக்காய் தீயும் வாசனை வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, வடகத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு, காபி குடிக்காமல் கிளம்பினேன்.

திங்கட்கிழமை மேடம் வேலைக்கு வந்தார். முறுக்கு வரவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. புரோகிராம்களைப் படித்தார், வழக்கம்போல் திருப்பிக் கொண்டுபோய்ச் சைபர் வந்தா என்று கேட்டார். முகத்தில் பாரம் இறங்கின மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வீட்டுச் சாமானையெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வெறும் அறையில் நிற்கிறவர் மாதிரி இருந்தார்.

அடுத்த மாதம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நாலு மணிக்குக் கண்ணாடிக் கதவின் முன்னால் போய் நின்றார். நெற்றியில் காலையில் வைத்த சாந்துதான். பையைத் திறக்கவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போகலையா மேடம்?" என்றேன்.

"அத்தை இனிமே எதுக்கு வரணும்?" என்றார். நான் அதை யோசித்திருக்கவேயில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். "மாசா மாசம் பொய் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தோம். ஆனா சேந்து சமையல் பண்ணிக்கிட்டு இருந்தோம். வேற யாரு எனக்காக வண்டி ஏறி வந்தாங்க, சொல்லு. மகனும் இல்லன்னு ஆனப்புறம் நான் அவங்களுக்கு யாரு?"

"வந்தா என்ன பண்ணுவீங்க? அதைச் சொல்லுங்க."

"வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"வராட்டி?"

"திரும்பி வந்துடுவேன். எனக்குப் பழக்கம்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "வந்து, பேசறதுக்கு ஒண்ணுமே இல்லாம ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்னா? அதுக்குத்தான் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

இத்தனை பேரை மூன்றாவது நம்பர் எழுத வைத்தவர். நான் மெஷினை அணைத்தேன். அது அணைக்கும் நேரம் இல்லைதான். "வாங்க, நானும் வரேன்" என்றேன்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வண்டி வருவதற்குள் மேடம் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். வெறும் தலையோடு அவர் அங்கே நிற்பது அதுதான் முதல் தடவை. புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். வண்டி வந்தது. கூட்டம் இறங்கியது, கலைந்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிப் பெட்டியிலிருந்து பெரியம்மா இறங்கினார். ஒரு கையில் பை, ஒரு கையில் டின். எங்களைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். சௌக்கியமா என்று கேட்கவில்லை. மேடத்தின் தலையைத்தான் பார்த்தார்.

"இன்னாடி இது, மொட்டத் தலையா வந்து நிக்கற?"

"இனிமே எதுக்கு அத்தை?"

"எனக்கோசரம் நீ வச்சது போதும். திரும்பு."

பையிலிருந்து பூவை எடுத்தார். ஊரிலிருந்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், ஒரு முழத்துக்கு மேலேயே இருக்கும். புருஷன் இல்லாதவள் கையால் பூ வாங்கிக்கொள்வதே கூடாது என்பார்கள். அவர் தன் கையால், புருஷன் இல்லாத மருமகளுக்கு, அத்தனை பேர் போகிற வருகிற பிளாட்பாரத்தில் நின்று பூ வைத்துவிட்டார். போர்ட்டர் ஒருவர் நின்று பார்த்தார். பெரியம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் நகர்ந்துவிட்டார். மேடம் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. பூ வைத்து முடித்த பிறகும் அப்படியே நின்றார்.

"நட. போய் சோறு ஆக்கணும்" என்றார் பெரியம்மா. போகிற போக்கில் என் பக்கம் திரும்பி டின்னை நீட்டினார். "இந்தா. நீங்கதானே இத்தினி வருசமாத் துன்னீங்க? டின்னு காலியா இருக்கறத நான் பாக்கலன்னு நினைச்சிகினீங்களா? வச்சிக்கோ."

இரண்டு பேரும் வாசலுக்கு நடந்தார்கள். வெளியே ஒரு ஜட்காவில் மேடம் முதலில் ஏறி, கை கொடுத்து மாமியாரை ஏற்றிக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பேசினார்களோ என்னவோ. ஜட்கா பிரேசர் டவுன் பக்கம் திரும்பியது. என்னை யாரும் கூப்பிடவில்லை, மறந்துதான் போயிருப்பார்கள். தப்பில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் வந்தால் இது, வராவிட்டால் அது என்று மேடத்துக்கு வழி இருந்தது. இதெல்லாம் முடிந்த பிறகு பிளாட்பாரத்தில் நிற்கிற நான் எங்கே போவது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போனால், போன மாதம் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனவர்களிடமிருந்து தபால் வந்ததா என்று அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த வண்டிக்கு ஆட்கள் வந்து பெஞ்சுகளில் உட்கார ஆரம்பித்தார்கள். நானும் உட்கார்ந்தேன். மடியில் டின்னை வைத்துத் திறந்தேன். இல்லாத மகனுக்கென்று இல்லாமல் அவர் சுட்ட முதல் முறுக்கு அது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.